தெருநாய்க் கண்காணிப்புக் குழுவில் உங்களுக்கு ஓர் இருக்கை: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாய்க்கடிச் செய்தி ஒன்று நாளிதழில் வந்த மறுநாள் நகராட்சிச் சுகாதாரப் பிரிவில் தொலைபேசி ஓயாது. பேசுகிறவர்களில் பாதிப் பேர் "எல்லா நாயையும் பிடித்துக்கொண்டு போங்கள்" என்பார்கள். மீதிப் பேர் "எங்கள் தெரு நாயைத் தொட்டால் வழக்குப் போடுவோம்" என்பார்கள். இருவருக்கும் பதில் சொல்ல வேண்டிய சுகாதார ஆய்வாளருக்கோ குப்பை, கொசு மருந்து, குடிநீரில் குளோரின் என்று ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. நாயின் உடம்பைப் பற்றியோ குணத்தைப் பற்றியோ அவருக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. அவருக்குப் பக்கத்தில் விலங்கைத் தெரிந்த ஒருவர் உட்கார வேண்டும் என்று சட்டமே இடம் ஒதுக்கியிருக்கிறது. அந்த நாற்காலி பல ஊர்களில் காலியாகக் கிடக்கிறது என்பதுதான் என் கவலை. அதில் உட்கார வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவர். நடுத்தர அளவுள்ள ஒரு நகராட்சியின் கண்காணிப்புக் குழுவில் ஆறு ஆண்டுகளாக ஊதியமின்றி இருந்துவருகிறேன். ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்கள், தெருநாய்களுக்குப் பல ஆண்டுகளாகச் சோறு வைத்து அவற்றின் பிறப்பு இறப்பெல்லாம் அறிந்தவர்கள், விலங்கு நல அமைப்புகளில் பணியாற்றியவர்கள் என்று பலரும் இந்த வேலைக்குத் தகுதியானவர்களே. பட்டம் இருந்தால்தான் வரலாம் என்றில்லை. ஆனால் பார்த்ததை எண்ணத் தெரிய வேண்டும், எண்ணியதை எழுதத் தெரிய வேண்டும்.

எந்தக் குழு, எந்தச் சட்டம்

விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. மாநிலங்களவையில் அதற்கான முதல் குரலை எழுப்பியவர் ருக்மிணி தேவி அருண்டேல். அந்தச் சட்டத்தின்படி 1962இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியம் 2018 வரை சென்னையிலிருந்துதான் இயங்கியது. தெருநாய்களுக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறையும் சென்னைக்குப் பழையது. புளூ கிராஸ் ஆஃப் இந்தியா என்ற விலங்கு நல அமைப்பு அதை 1964இல் தொடங்கியது. நாய்களைக் கொன்றுகொண்டிருந்த மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996இல்தான். இடையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஓடிவிட்டன. அத்தனை ஆண்டுகள் கொன்றும் தெருவில் நாய் குறையவில்லை. "எல்லாவற்றையும் கொன்றுவிட்டால் தீர்ந்தது" என்று கூட்டத்தில் யாராவது சொல்லும்போது, எடுத்த எடுப்பில் கருணையைப் பற்றிப் பேசாதீர்கள். இந்த வரலாற்றைச் சொல்லுங்கள்.

இப்போது நடைமுறையில் இருப்பவை விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள், 2023. அவ்வாண்டு மார்ச் மாதம் வெளியான இவை 2001ஆம் ஆண்டின் விதிகளுக்கு மாற்றாக வந்தவை. மத்தியிலும் மாநிலத்திலும் உள்ளாட்சியிலும் தனித்தனிக் குழு அமைக்க வேண்டும் என்கின்றன. உங்களுக்கு வேண்டியது உள்ளாட்சிக் குழு. ஆணையர் அல்லது உள்ளாட்சி அமைப்பின் தலைமை அலுவலர் அதன் தலைவர். பொது சுகாதாரப் பிரிவு, கால்நடை மருத்துவர், மாவட்டப் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம், உள்ளூரில் இயங்கும் விலங்கு நல அமைப்புகள் ஆகியவற்றின் சார்பில் உறுப்பினர்கள் இருப்பார்கள். விதிகளை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். சில பக்கங்கள்தான். குழுவில் இருப்பவர்களிலேயே பலர் அதைப் படித்திருக்க மாட்டார்கள். படித்து வந்த ஒருவரின் சொல்லுக்கு முதல் நாளிலேயே எடை கூடும்.

குழு உயிரோடு இருக்கிறதா?

நகராட்சிக்குப் போய் "குழுவில் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். சில ஊர்களில் குழு கோப்பில் மட்டும் இருக்கும். அமைத்ததற்கான ஆணை இருக்கும், ஆனால் கூடியதற்கான குறிப்பு இருக்காது. சுகாதாரப் பிரிவில் நேரில் பணிவாகக் கேட்டாலே பாதி விவரம் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு மனு கொடுத்தால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். நான்கு கேள்விகள் போதும்: குழு அமைத்த ஆணையின் நகல், கடைசி மூன்று கூட்டங்களின் குறிப்புகள், கருத்தடைப் பணியை எடுத்திருக்கும் அமைப்பின் பெயரும் அதற்கு விலங்குகள் நல வாரியம் கொடுத்த திட்ட அங்கீகாரச் சான்றின் நகலும், கடந்த ஓராண்டில் மாதவாரியாக அறுவைச் சிகிச்சை செய்த நாய்களின் எண்ணிக்கை. மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். அந்தச் சான்று இல்லாத அமைப்பு கருத்தடைப் பணி செய்ய விதியில் இடமே இல்லை.

ஆனாலும் இந்த மனுவை உங்கள் முதல் அறிமுகமாக ஆக்கிவிடாதீர்கள் என்பது என் அனுபவம். மனு போட்டவராக அறிமுகமானால் அலுவலகம் உங்களை எதிர்த்தரப்பாகவே பார்க்கும். முதலில் நேரில் போய்ப் பேசுங்கள். இரண்டு மூன்று முறை போயும் கதவு திறக்கவில்லை என்றால் மனு கொடுங்கள்.

குழுவே இல்லை என்று தெரியவந்தால், அமைக்கக் கோரி ஆணையருக்குக் கடிதம் கொடுத்து, நகலை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் அந்த நகலை நேரில் கொடுத்தால் அதற்கு ஒரு பதிவெண் கிடைக்கும். ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். வெறிநோய்த் தடுப்பூசி முகாம் வேண்டும் என்று அங்கே ஒரு தீர்மானம் நிறைவேறினால் அதை யாரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

உங்கள் இடம் எது

கால்நடை மருத்துவராக இருந்தால் மருத்துவருக்குரிய இடத்துக்கே கேளுங்கள். அரசுப் பணியில் இருப்பவர்கள் துறையின் எழுத்துபூர்வ அனுமதியைப் பெற்றபின் வர வேண்டும். வாய்மொழி அனுமதி பிற்பாடு கைகொடுக்காது. மருத்துவர் அல்லாதவர்களுக்கு எளிய வழி, மாவட்டப் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்தில் உறுப்பினராகி அதன் பிரதிநிதியாக வருவது. அல்லது அங்கீகாரம் பெற்ற ஏதேனும் விலங்கு நல அமைப்பின் சார்பில் வரலாம். இரண்டும் உடனே கைகூடாவிட்டால் சிறப்பு அழைப்பாளராகக் கூட்டத்தில் கலந்துகொள்ள அனுமதி கேளுங்கள். வாக்கு இருக்காது, பேச இடம் இருக்கும். ஓராண்டு ஒழுங்காக வந்து பயன்படும்படி பேசுகிறவரை அடுத்த முறை உறுப்பினராக்க ஆணையருக்குத் தயக்கம் இராது.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு மூதாட்டி, தன் பகுதியில் இருபது ஆண்டுகள் நாய்களைப் பார்த்துக்கொண்டவர், நான்கு பக்கத்தில் மனத்தைக் கொட்டி எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதம் எந்த மேசைக்கும் போகவில்லை. பிறகு இருவரும் உட்கார்ந்து அதைச் சுருக்கினோம்:

"ஐயா, நான் ... வார்டில் வசிக்கிறேன். இந்த வார்டின் ஆறு தெருக்களில் உள்ள 43 நாய்களைத் தொடர்ந்து கவனித்துவருகிறேன். இவற்றில் 29 நாய்களுக்குக் கருத்தடை நடந்துள்ளது. எஞ்சியவற்றைப் பிடிக்கவும் தடுப்பூசி முகாம் நடத்தவும் என்னால் உதவ முடியும். மாதம் இரண்டு நாட்கள் இப்பணிக்கு ஒதுக்க இயலும். இனக்கட்டுப்பாட்டுக் கண்காணிப்புக் குழுவில் உறுப்பினராகவோ சிறப்பு அழைப்பாளராகவோ சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். இப்பணிக்கு ஊதியமோ பயணப்படியோ எதிர்பார்க்கவில்லை."

இரண்டு வாரத்தில் அவருக்கு அழைப்பு வந்தது. கோபத்தையும் கண்ணீரையும் கோப்பில் ஏற்ற முடியாது. 43, 29 என்ற எண்களை ஏற்றலாம்.

முதல் கூட்டத்துக்கு முன் நடந்து எண்ணுங்கள்

உங்களுக்கே முன்தடுப்பூசி போட்டுக்கொள்ளாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் மருத்துவத்தால் காப்பாற்ற முடிவதில்லை. நாய்களோடு பழகுகிறவர்களுக்குக் கடிபடும் முன்பே போடும் ஊசித்தவணை இருக்கிறது. மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். நாய் பிடிக்கும் தொழிலாளர்களுக்கும் போட்டிருக்கிறார்களா என்பது குழுவில் நீங்கள் கேட்கும் முதல் கேள்வியாகவே இருக்கலாம். எங்கள் ஊரில் கேட்டபோது ஒருவருக்கும் போட்டிருக்கவில்லை.

அதன்பின் எண்ணிக்கை. இந்தக் கட்டுரையில் ஒன்றைத்தான் நீங்கள் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

இரண்டு மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள். அதில் மீன் சந்தை, பள்ளி, குடியிருப்பு, குப்பை கொட்டும் இடம் எல்லாம் கலந்து வர வேண்டும். பாதையை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் வேறொருவரும் அதே வழியில் நடக்க முடிய வேண்டும். விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழுக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் நாய்கள் கார்களின் அடியிலும் சாக்கடைப் பாலத்தின் கீழும் ஒதுங்கிவிடும், கணக்குத் தப்பும். ஒவ்வொரு நாயையும் ஐந்து கட்டங்களில் ஒன்றில் குறியுங்கள்: ஆண், பெண், பால்சுரக்கும் தாய், குட்டி, தொலைவில் இருந்ததால் தெரியவில்லை. காது நுனியில் வெட்டு அடையாளம் இருந்தால் பக்கத்தில் ஒரு புள்ளி. அந்த வெட்டுதான் அறுவைச் சிகிச்சை முடிந்ததற்கான சான்று. தோல் நோய், நொண்டல், மிக மெலிந்த உடல் ஆகியவற்றையும் கண்ணில் பட்டால் குறியுங்கள். அந்த நேரத்தில் எந்த நாய்க்கும் சோறு வைக்காதீர்கள். பத்து நாய் பின்னாலேயே வரும், எண்ணியதையே மறுபடி எண்ணுவீர்கள்.

இதிலிருந்து இரண்டு விடைகள் கிடைக்கும். வளர்ந்த நாய்கள் 60, காது வெட்டியவை 21 என்றால் அந்தப் பாதையில் நூற்றுக்கு 35 நாய்களுக்குக் கருத்தடை நடந்திருக்கிறது. எழுபதை எட்டினால்தான் இனப்பெருக்கம் அடங்கும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் இலக்கு. வெறிநோய்ச் சங்கிலியை அறுக்கத் தடுப்பூசிக்கும் உலக சுகாதார நிறுவனம் அதே எழுபதைத்தான் சொல்கிறது. இரண்டாவது விடை, பால்சுரக்கும் தாய்களின் எண்ணிக்கை. பெண் நாய் பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். பாதையில் தாயும் குட்டியும் மிகுந்திருந்தால், நகராட்சி எத்தனை அறுவைச் சிகிச்சைக் கணக்குக் காட்டினாலும் அந்த வார்டில் வேலை எட்டவில்லை என்று பொருள். ஆறு மாதத்துக்கொரு முறை அதே பாதையில் அதே நேரத்தில் நடங்கள். மூன்றாவது நடையிலிருந்து உங்கள் தாள் நகராட்சியின் அறிக்கையைவிட உண்மையாகப் பேசும்.

பெரிய நகரங்களில் இதையே அமைப்புகளைக் கொண்டு செய்கிறார்கள். சென்னையில் 2018 கணக்கெடுப்பில் 57 ஆயிரத்துச் சொச்சம் நாய்கள் இருந்தன. 2024இல் அது சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் என்று வந்தது. அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டுதான் இருந்தது. பிறப்பின் வேகத்தை அது எட்டிப் பிடிக்கவில்லை. இத்தனை ஆயிரம் நாய்க்குச் செய்தோம் என்ற எண் தனியாக நின்றால் அதற்கு அர்த்தமில்லை. எத்தனையில் இத்தனை என்பதை யாராவது கேட்க வேண்டும். அந்தக் கேள்வி உங்களுடையதாக இருக்கட்டும்.

கருத்தடை மையத்துக்குள்

உறுப்பினரானதும் மையத்தைப் பார்வையிட உங்களுக்கு உரிமை வருகிறது. போகும்போது தனியாகப் போகாதீர்கள், சுகாதார ஆய்வாளரையோ இன்னோர் உறுப்பினரையோ அழைத்துக்கொள்ளுங்கள். முதல் வருகையில் குற்றம் கண்டுபிடிக்கும் முகத்தோடு போகாதீர்கள். அங்கே வேலை செய்கிறவர்களும் கடிபட்டு, கூண்டு கழுவி, துர்நாற்றத்தில் நின்று உழைக்கிறவர்கள்தாம். நாய் பிடிக்கும் தொழிலாளர்களோடு ஒரு தேநீர் குடியுங்கள். எந்தத் தெருவில் யார் வலையை மறிக்கிறார்கள், எந்த நாய் மூன்று முறை தப்பியது, எந்தக் கல்யாண மண்டபத்தின் எச்சில் இலையால் எந்தச் சந்தில் கூட்டம் சேர்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். குழுவுக்கு அவர்களை அழைப்பதே இல்லை. அவர்கள் சொன்னதை, அவர்கள் சொன்னதாகவே குழுவில் சொல்லுங்கள்.

பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து காய்ந்திருக்கிறதா? அறுத்த இடம் உலர்ந்து தையல் சுத்தமாக இருக்கிறதா, வீங்கிச் சிவந்திருக்கிறதா? சண்டையிடும் நாய்களை ஒரே கூண்டில் அடைத்திருக்கிறார்களா? ஒவ்வொரு கூண்டிலும் பிடித்த இடமும் நாளும் எழுதிய அட்டை தொங்குகிறதா? அட்டை இல்லாத நாய் தன் தெருவுக்குத் திரும்பப் போகாது. வேறெங்கோ இறக்கிவிடப்பட்ட நாய் அந்த இடத்து நாய்களோடு மோதும், பயந்து கடிக்கும், அந்தத் தெருக்காரர்கள் மறுபடி உங்கள் அலுவலகத்துக்குத்தான் தொலைபேசி செய்வார்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளும் பால்கொடுக்கும் தாய்களும் கூண்டில் இருந்தால் உடனே கேளுங்கள். அவற்றைப் பிடித்து அறுவைச் சிகிச்சை செய்வதற்கு விதி இடம் தரவில்லை.

கணக்கைச் சரிபார்க்க எனக்கு மிகவும் உதவியது எளிய வகுத்தல் ஒன்றுதான். மையத்தில் 40 கூண்டு. கூண்டுக்கு ஒரு நாய். பிடித்து, அறுத்து, தேற்றி அனுப்ப ஒரு நாய்க்கு ஐந்து நாள் ஆகிறது என்றால் நாளொன்றுக்கு எட்டு நாய், முப்பது நாளுக்கு 240. அந்த மையத்தின் மாத பில்லில் 410 என்று எழுதியிருந்தால் இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க முடியும்: அறுக்காத நாய்க்குப் பணம் கேட்கிறார்கள், அல்லது தையல் ஆறும் முன்பே நாயைத் தெருவில் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. வயிறு பிரிந்த நாய் எங்கோ ஒரு புதரில் கிடந்து சாகும், கணக்கில் அது வெற்றியாக நிற்கும்.

மருந்துப் பதிவேட்டையும் பாருங்கள். மயக்கத்துக்குப் பயன்படும் கீட்டமைன் கடுமையான கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, அதற்குத் தனிப் பதிவேடு இருந்தாக வேண்டும். வாங்கிய குப்பிகள், செலவான அளவு, அறுவைச் சிகிச்சை எண்ணிக்கை மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். அகற்றிய கருப்பை, விதைப்பை முதலியவற்றைப் பாதுகாத்து வைத்து, குழுவினர் எண்ணிய பிறகுதான் அழிக்க வேண்டும் என்ற ஏற்பாடும் இதற்காகவே. அந்த வாளியைத் திறந்து எண்ணுவது அருவருப்பான வேலைதான். தயங்காமல் எண்ணுங்கள், எண்ணியதற்குக் கையெழுத்திடுங்கள். எண்ணாமல் ஒருநாளும் கையெழுத்திடாதீர்கள்.

மருத்துவர் அல்லாத உறுப்பினர்கள் இங்கே ஒரு கோட்டைத் தாண்டக் கூடாது. எந்த நாய்க்கு என்ன மருந்து, எவ்வளவு என்பதைப் பதிவுபெற்ற கால்நடை மருத்துவரே சொல்ல வேண்டும். "மூன்றாவது கூண்டில் தையல் வீங்கியிருந்தது, நாய் எழவில்லை" என்று பார்த்ததை எழுதினால் அது வலுவான சாட்சி. "தவறான ஊசி போட்டார்கள்" என்று எழுதினால் உங்கள் அறிக்கை முழுவதையும் ஒதுக்கிவைக்க அவர்களுக்கு ஒரு காரணம் கொடுத்தவராவீர்கள்.

கூட்ட அறையில்

கூட்டப்பொருள் பட்டியலில் உங்கள் விஷயம் இல்லையென்றால் அது விவாதத்துக்கே வராது. ஆகவே கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே, சேர்க்க வேண்டிய பொருளை இரண்டு வரியில் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு கோரிக்கை போதும். கூட்டத்தில் எல்லோரும் தலையசைப்பார்கள். அதை நம்பி எழுந்து வந்துவிடாதீர்கள். "இதைக் குறிப்பில் ஏற்றிக்கொள்ளலாமா ஐயா?" என்று தலைவரைப் பார்த்துக் கேளுங்கள். குறிப்பு எழுதும் எழுத்தருக்கு உதவியாக, ஏற்ற வேண்டிய வாக்கியத்தை நீங்களே ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. யார், எதை, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். முதல் ஓராண்டில் நான் பேசியவற்றில் எதுவும் நடக்கவில்லை. பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, என் பெயருக்கு எதிரே "கலந்துகொண்டார்" என்ற ஒரு சொல்தான் இருந்தது.

கவுன்சிலர்களைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். வாக்காளர் ஒருவரின் குழந்தை கடிபட்டால் இரவு பதினொரு மணிக்குக் கவுன்சிலர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். அவருடைய அவசரத்தில் நியாயம் இருக்கிறது. அவர் வார்டிலேயே முதல் தடுப்பூசி முகாமை நடத்தித் தருகிறேன் என்று சொல்லுங்கள். எங்கள் ஊரில் நாய்களை ஊருக்கு வெளியே விட வேண்டும் என்று மேசையைத் தட்டிப் பேசியவர், முகாமுக்குப் பின் தன் வார்டின் காது வெட்டிய நாய்களைத் தானே எண்ணிச் சொல்லத் தொடங்கினார்.

உங்கள் அமைப்பே கருத்தடை ஒப்பந்தத்துக்கு விண்ணப்பித்திருந்தால், அந்த டெண்டரைப் பற்றிப் பேச்சு வரும்போது எழுந்து வெளியே போய்விடுங்கள். போனதையும் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

கடிபட்டவர் வீட்டுக்கும் போங்கள்

விலங்கை நேசிக்கிறவர்கள் அடிக்கடி தவறவிடும் படி இது. வெறிநோய்ச் சந்தேகத்துக்குரிய விலங்குகளால் கடிபடுகிறவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தக் குழந்தையின் தாயிடம் போய் "நாய் மேல் தவறில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவினார்களா, தடுப்பூசித் தவணைகள் விடுபடாமல் போகின்றனவா, ஆழமான காயமாக இருந்தால் வெறிநோய்க் கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டார்களா என்று கேளுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பியிருந்தால் மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள். அதன் பிறகு கடித்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கே காரணம் இருக்கும். பத்தடி தூரத்தில் குட்டிபோட்ட தாய் படுத்திருக்கும், அல்லது கோழிக்கடைக் கழிவு திறந்தவெளியில் கிடக்கும்.

கடித்த நாய் உயிரோடு இருந்தால் பத்து நாள் கவனிப்பில் வைக்க ஏற்பாடு செய்யுங்கள். அடித்துக் கொன்று புதைத்துவிட்டால், அதற்கு வெறிநோய் இருந்ததா என்பதை அறியும் வழியும் புதைந்துவிடும். வெறிநோய் அறிகுறி தெரியும் நாயைத் தனிமைப்படுத்துவது பயிற்சி பெற்றவர்களின் வேலை, உங்கள் கையால் தொடாதீர்கள். கடிச் சம்பவங்களைத் தெருவாரியாக ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். அரசு மருத்துவமனையின் நாய்க்கடிப் பதிவை மாதந்தோறும் குழுவுக்கு வரவழைக்க ஒரு தீர்மானம் போடுங்கள், பெயர்கள் வேண்டாம், தெருவும் தேதியும் வயதும் போதும். அந்தப் பட்டியலை உங்கள் நடைத்தாளோடு சேர்த்து வைத்தால், நாய் பிடிக்கும் வண்டி அடுத்து எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பதில் வாக்குவாதமே எழாது.

உணவிடுதல், நீதிமன்ற உத்தரவுகள்

குழுவுக்கு வரும் சண்டைகளில் பாதி சோறு வைப்பதைப் பற்றியது. உணவிடும் இடத்தைக் குடியிருப்போர் சங்கத்தோடு பேசி முடிவுசெய்ய 2023 விதிகள் வழி சொல்கின்றன. குழந்தைகள் விளையாடும் இடம், வீட்டு வாசல், மாடிப்படி ஆகியவற்றைத் தவிர்த்து ஒரு மூலையையும் ஒரு நேரத்தையும் குறியுங்கள். உணவு வைக்கிறவரே இடத்தைக் கூட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். சோறு வைக்கிறவர் அழைத்தால் நாய் பக்கத்தில் வரும், வலை தேவைப்படாது. ஆகவே அவரை எதிரியாக்காமல் பிடிக்கும் நாளில் உதவிக்கு அழையுங்கள்.

உச்ச நீதிமன்றத்தின் 2025 உத்தரவுகள் இரண்டைத் தெரிந்துகொள்ளாமல் இன்று எந்தக் குழுவிலும் பேச முடியாது. ஆகஸ்ட் 22 உத்தரவு, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களை அதே பகுதியில் விடலாம் என்றது. வெறிநோய் உள்ளவற்றுக்கும் ஆக்ரோஷமாக நடந்துகொள்பவற்றுக்கும் இது பொருந்தாது. வார்டுதோறும் உணவிடத் தனி இடம் குறிக்கவும் அது சொன்னது. நவம்பர் 7 உத்தரவு, பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் போன்ற இடங்களில் பிடித்த நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்றது. அப்படிப் பிடித்தவற்றை எங்கே வைப்பது, யார் தீனி போடுவது, தொற்றுநோய் பரவாமல் எப்படிப் பிரித்து வைப்பது என்பதை இப்போது உங்கள் ஆணையர் யோசித்தாக வேண்டும். நாய்க்கு நாய் தொற்றும் வைரஸ் நோய்களான டிஸ்டெம்பரும் பார்வோவும் நெருக்கமான கொட்டகையில் ஒரே வாரத்தில் என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தவர் அந்த அறையில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். கொட்டகை கட்டும் முன்பே புதிதாக வரும் நாய்களுக்குத் தனிப் பகுதி, கழிவுநீர்ச் சரிவு, நிழல், நிரந்தரமாக ஒரு மருத்துவர் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். கட்டிய பிறகு கேட்டால் நிதி இல்லை என்பார்கள். வழக்கில் இதன்பின் வரும் உத்தரவுகளையும் விடாமல் படித்துவாருங்கள்.

எப்போது விலகுவது

பார்க்காததற்குக் கையெழுத்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள், மறுத்த காரணத்தை எழுதிக் கொடுங்கள். இரண்டாம் முறையும் கேட்டால் மாநிலக் குழுவுக்கும் விலங்குகள் நல வாரியத்துக்கும் எழுதுங்கள். அதற்குள் விலகிவிட வேண்டாம். நீங்கள் எழுந்தால் அந்த நாற்காலியில் கேட்காமல் கையெழுத்திடுகிறவர் ஒருவரை உட்கார வைப்பார்கள்.

ஆனால் உடல் தளரும்போதோ ஊர் மாறும்போதோ போக வேண்டிவரும். அதற்கு இப்போதே ஒருவரைத் தயார் செய்யுங்கள். நான் ஓர் இளம் கால்நடை மருத்துவரை மூன்று முறை விடியற்காலை நடைக்கு அழைத்துப்போயிருக்கிறேன். பாதை வரைந்த தாள், ஆறு ஆண்டு எண்ணிக்கை, கடி நோட்டு, கூட்டக் குறிப்புகளின் நகல்கள் எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கின்றன. மூன்றாவது நடையில் அவர் எண்ணினார், நான் பின்னால் சரிபார்த்துக்கொண்டு வந்தேன். மீன் சந்தை மூலையில் காது வெட்டாத புதிய பெண் நாய் ஒன்றை நான் கவனிக்கவில்லை, அவர் குறித்திருந்தார். மறுநாள் வண்டி அங்கே போயிற்று.